48 பாட் ரயிலும் ஓரம் கிழிந்த 10 டாலரும்

பாங்காக்கிலிருந்து கம்போடியாவின் சியாம் ரீப்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். 2018 டிசம்பரில் நான் தரைவழியாகப் போனேன். விடியற்காலை நான்கரைக்கு எழுந்தவன், இரவு ஏழு மணிக்குத்தான் விடுதிப் படுக்கையில் விழுந்தேன். செலவுக் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த நாளின் முதல் வரி: ரயில், 48 பாட். அன்றைய மதிப்பில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். 250 கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் என்றதும் எனக்குள் இருக்கும் கஞ்சன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். இன்னொரு வரி வேறு கதை. வருகிறேன்.

ஹுவா லம்போங் நிலையத்தில் 5.55க்குப் புறப்படும் அந்த ரயிலில் மூன்றாம் வகுப்பு மட்டும்தான். மேலே மின்விசிறி, பக்கத்தில் திறந்த ஜன்னல். மக்கசான் பக்கம் வீடுகள் தண்டவாளத்தை உரசிக்கொண்டு நிற்கின்றன. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவரின் முகம் என் முகத்துக்கு எதிரே வந்து போனது. இருவருக்குமே கூச்சமாக இருந்தது. சாச்சோங்சாவ் தாண்டியதும் வயல்வெளி. அதற்குள் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் பிளாஸ்டிக் பையில் ஊற்றிய ஐஸ் காபியுமாக விற்பனைப் பெண்கள் ஏறிவிட்டார்கள். நான் சைவம். தாய்லாந்தில் சைவத்துக்கு 'ஜே' என்று ஒரு சொல் உண்டு, அதைச் சொன்னேன். அந்த அம்மாள் தன் கூடையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், வெறும் சோற்றுப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். என் பையில் பருப்புப் பொடி இருந்தது. பிழைத்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு கம்போடியப் பெண். ஐம்பது வயது இருக்கும். இரண்டு பெரிய கட்டைப் பைகள், ஒரு புது மின்விசிறிப் பெட்டி. கட்டட வேலை முடித்து ஊருக்குத் திரும்புகிறார் என்பதைக் கைச்சாடையாலேயே சொன்னார். மாங்காய்த் துண்டை மிளகாய் உப்பில் தொட்டு எனக்கும் நீட்டினார். விசாவுக்கு வைத்திருந்த டாலரை நான் எண்ணிப் பார்த்தபோது, அவர் கை நீண்டு 10 டாலர் நோட்டை மட்டும் வாங்கியது. வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினார். கள்ள நோட்டு என்று சந்தேகப்படுகிறார் போலும் என்று நினைத்து, கொஞ்சம் ரோஷத்தோடு வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

அரண்யப்பிரதேத்தில் இறங்கும்போது பகல் பன்னிரண்டு ஆகப் போகிறது. அங்கிருந்து எல்லை 6 கிலோமீட்டர். (2019 ஜூலையிலிருந்து ரயில் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் வரை நீண்டது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) டுக்டுக் 80 பாட் என்று பேசி ஏறினேன். நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி பெரிய சாலையை விட்டு ஒதுங்கி ஒரு கட்டடத்தின் முன் நின்றது. வாசலில் கொடி, பெயர்ப்பலகை, மேசை. கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, விசா இங்கேதான், கடவுச்சீட்டைக் கொடுங்கள் என்றார். கேட்ட தொகை உண்மையான கட்டணத்தைவிட மிக அதிகம். இப்படி ஒரு போலி வாசல் இருக்கும் என்று முன்பே படித்திருந்தேன்; ஆனால் படித்ததும் நேரில் நிற்பதும் ஒன்றல்ல. கொடி வேறு பறக்கிறது!

நான் வாதாடவில்லை. என் அம்மா காய்கறிக்காரரிடம் கையாளும் முறை ஒன்று உண்டு: விலை பிடிக்கவில்லையென்றால் பேசவும் மாட்டார், நகரவும் மாட்டார். அப்படியே டுக்டுக்கில் உட்கார்ந்திருந்தேன். கடவுச்சீட்டு சட்டைக்குள். பத்து நிமிடமா, பதினைந்தா தெரியாது. கடைசியில் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். எல்லையில் இறக்கிவிட்டு, முத்திரை குத்தும் இடத்துக்கு வழியும் காட்டி, சிரித்தபடியே 80 பாட்டை வாங்கிக்கொண்டார். கோபத்தின் சுவடே இல்லை. அவருக்கு அது அன்றைய ஒரு முயற்சி, அவ்வளவுதான்.

தாய்லாந்து முத்திரைக்கும் கம்போடிய முத்திரைக்கும் இடையே நடந்து போகும் அந்தச் சில நூறு மீட்டர் எந்த ஊரைப் போலவும் இல்லை. ஒரு பக்கம் பழைய துணி மூட்டைகளை வீடு உயரத்துக்கு அடுக்கிய கைவண்டிகளை ஆட்கள் இழுத்துப் போகிறார்கள். மறுபக்கம் குளிரூட்டிய சூதாட்ட விடுதிகள். தாய்லாந்தில் சூதாட்ட விடுதிக்கு அனுமதி இல்லாததால் எல்லையைத் தாண்டிய கையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுவதும் இங்கேதான்.

விசாக் கட்டணம் 30 டாலர் என்று எழுதியிருந்தது. ஒரு இருபதும் அந்தப் பத்தும் கொடுத்தேன். அதிகாரி பத்தை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், கிழிசலைத் தொட்டுக் காட்டினார், தலையை இடமும் வலமும் ஆட்டினார். ரயிலில் பார்த்த அதே அசைவு! கம்போடியாவில் டாலர் அன்றாடக் காசு; சந்தையில் மீன் வாங்கவும் அது செல்லும். ஆனால் கிழிந்த நோட்டை எளிதில் மாற்றித் தர அங்கே ஆள் கிடையாது. வாங்கியவர் தலையில்தான் அது விடியும். அதனால் ஒருவரும் தொடமாட்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்தவை இரண்டு ஐம்பது. சில்லறை இல்லை என்றார், பணிவாகவே. வெளியே வந்து ஒரு மாற்றுக்காரரிடம் கொடுத்தேன். அவர் எட்டு டாலராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, இன்னொரு ஐம்பதையும் உடைத்துக் கொடுத்தார். நோட்டில் எழுதியிருக்கிறேன்: கிழிசல், 2 டாலர். ரயில் கட்டணத்தைவிட அதிகம்.

எல்லையின் கம்போடியப் பக்க ஊரான பொய்பெட்டிலிருந்து சியாம் ரீப்புக்கு ஒரு கேம்ரி காரில் ஆளுக்கு 10 டாலர். பின்னிருக்கையில் நான்கு பேர். 150 கிலோமீட்டரும் தூங்கிவிட்டேன், எழுத ஒன்றுமில்லை.

* * *

இழையில் ஒரு நண்பரின் பதில்: உங்கள் கிழிந்த நோட்டுக் கதையைப் படித்ததும் என் கிப் நோட்டுகள் (லாவோஸ் நாட்டுப் பணம்) நினைவுக்கு வந்தன.

நான் போனது லாவோஸ், 2017இல். பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் நோங்காய், அங்கிருந்து மேகோங் மேல் பாலம் தாண்டித் தானாலெங் வரை குட்டி ரயில். கட்டணம் 20 பாட், பயணம் கால் மணி நேரம். 1994இல் திறந்த பாலம் அது. தண்டவாளம் சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. ரயில் வரும்போது பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறோம், நமக்காகப் பாலமே காத்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. இறங்கினால் வெட்டவெளி. தலைநகர் வியன்டியானுக்கு அப்போது அங்கிருந்து வேன் பிடிக்க வேண்டியிருந்தது; ரயிலைப் போல அது மலிவாக இல்லை.

ஏடிஎம்மில் பத்து லட்சம் கிப் எடுத்தேன். பத்து லட்சம்! அப்போது அது சுமார் 120 டாலர்தான் என்பதை அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லவில்லை. திரும்பும்போது ஒன்றரை லட்சம் மிஞ்சியது. லாவோஸைத் தாண்டினால் கிப்பை மாற்றுவது பெரும்பாடு என்று எல்லையிலேயே ஒருவர் எச்சரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டேன். பாங்காக்கில் மூன்று கடைகள் கையை விரித்தன. இப்போது அது என் அகராதிக்குள் பக்கக் குறியாக இருக்கிறது.

* * *

இழையில் இன்னொரு வாசகியின் பதில்: அண்ணா, உங்கள் இருவருக்கும் போனது பணம். எனக்குப் போனது ஒரு மணி நேரம்.

தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து 50 பாட் ரயிலில் மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசார் வந்தேன். இரண்டு நாட்டு முத்திரையும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள், அடுத்தடுத்த கவுண்டர்களில் குத்திவிடுகிறார்கள். இவ்வளவு சுலபமா என்று மாடிக் கடையில் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பட்டர்வொர்த் ரயிலுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. கீழே ஒரு ரயில் புறப்பட்டுப் போவதை வேடிக்கையும் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் என் பையில் ஒட்டியிருந்த சென்னை முகவரியைப் படித்திருக்க வேண்டும். தமிழிலேயே கேட்டார்: "தங்கச்சி, பட்டர்வொர்த் போக வேண்டுமா? உங்கள் கைக்கடிகாரம் இன்னும் தாய்லாந்தில் இருக்கிறதே."

மலேசியா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் வேடிக்கை பார்த்ததுதான் என் ரயில். அடுத்த ரயில் வரும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், பினாங்கில் பேரப்பிள்ளைகள். தேநீருக்கு என்னைக் காசு கொடுக்கவிடவில்லை.

* * *

மீண்டும் நான், 48 பாட் ரயிலில் போனவன்: தங்கச்சி, கடிகாரக் கதைக்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம்.

ரயிலில் வந்த அந்தக் கம்போடியப் பெண்ணை மறுபடி பார்த்தீர்களா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்தேன். விசாவோடு வெளியே வந்தபோது மின்விசிறிப் பெட்டியை ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு டாலர் போயிற்று என்று. அவருக்குப் புரிந்ததா தெரியாது. அவரும் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தார்.

இதே வழியில் போகலாமா என்று கேட்டவருக்கு: 2025 ஜூனில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் முற்றியபோது, பயணிகளுக்கான தரைவழி எல்லையை மூடினார்கள், ஜூலையில் சண்டையே நடந்தது. எல்லை நிலவரத்தை விசாரிக்காமல் இந்த ரயிலில் ஏற வேண்டாம். விமானத்தில் போனாலும் டாலரை நாணய மாற்றுக் கடையிலேயே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.