ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டின சங்கீதம்

பாளையங்கோட்டை சகோதரி:

வேதத்துமேல, அதான் பைபிள்மேல, நேசம் எப்போ வந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு முதல்ல வந்தது பயம்தான். வேதப்புஸ்தகத்துமேல காப்பி டம்ளரை வச்சதுக்கு ஏழு வயசுல ஆச்சிகிட்ட வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் ரொம்ப வருஷம் அதைப் பத்திரமா வச்சிருந்தேன், ஆசையாத் திறந்ததில்ல. காலையில ஒரு அதிகாரம், கடமைக்கு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. விட்டதும் கண்ணை மூடிப் படுத்திருக்கணும். "சும்மாதான கெடக்கேன், 119ஆம் சங்கீதத்தை எடுட்டி"ன்னா.

சங்கீதம்னா பைபிள்ல இருக்கிற துதிப்பாட்டு. இதுல 176 வசனம். எட்டு எட்டா 22 பகுதி, ஆலெப், பேத்னு எபிரெய எழுத்துங்கதான் தலைப்பு. ஒரு சொட்டுக்கு ஒரு பகுதின்னு வச்சுக்கிட்டோம். நான் கடகடன்னு வாசிப்பேன். "ஏட்டி, பஸ்ஸா போயிருது? மெதுவா வாசி." பாதி வசனம் நான் வாசிச்சா மீதி அவ வாயில இருந்து வரும். ஒரு இடத்துல 'கட்டளை'ன்னு தப்பா வாசிச்சுட்டேன். கண்ணைத் திறக்காமலே, "பிரமாணம்ட்டி, மாத்தாத"ன்னா.

நாலாம் நாள் காலையில 97ஆம் வசனம்: "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்!" நில்லுன்னா. திரும்ப வாசிக்கச் சொன்னா. மூணாவது தடவை வாசிக்கும்போது, அது ஆச்சிக்காக வாசிக்கிற மாதிரி எனக்குத் தோணல.

அன்னைக்குச் சாயங்காலம் 120ஆம் வசனம் வந்துச்சு: "உமக்குப் பயப்படும் பயத்தால் என் உடம்பு சிலிர்க்கிறது." "காலையில பிரியம்னாரு, இப்போ பயம்ங்காரே ஆச்சி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஒங்க தாத்தா சந்தையில இருந்து வார நேரம் மொகம் கழுவி, தலையச் சீவி வாசல்ல நிப்பேன். அது பயமாட்டி, பிரியமா?"

ஆச்சி இப்போ கர்த்தரிடத்துல. புஸ்தகம் என்கிட்ட இருக்கு. அந்தப் பக்கத்துல ஒரு சொட்டு மருந்து விழுந்து, தாள் இன்னும் சுருங்கியே இருக்கு.

அச்சுக்கோத்த அண்ணன்:

தங்கச்சி, உங்க ஆச்சி சொன்ன "மெதுவா வாசி"தான் எனக்கும் நடந்தது. ஈய எழுத்து கோத்துப் பிழைச்சவன் நான். தரங்கம்பாடியில புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போயிருந்தேன். புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல மொழிபெயர்த்து அச்சடிச்ச ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரை அங்கதான் அடக்கம் பண்ணியிருக்கு. அச்சடிக்க ஜெர்மனியில இருந்து வந்த தமிழ் ஈய எழுத்து ரொம்பப் பெரிசு, அதுக்குத் தாள் கட்டுப்படி ஆகல. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. 1714ல சுவிசேஷங்களும் நடபடிகளும், 1715ல புதிய ஏற்பாடு முழுசும் வந்துச்சு. கோக்கிறவன் ஒரு எழுத்தைக்கூடத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கல்லறைகிட்ட நின்னப்போ, எத்தனை வசனத்தை நான் தாண்டிப் போயிருக்கேன்னு நினைச்சு கண் கலங்கிருச்சு. ஊருக்கு வந்ததும் நோட்டு வாங்கி மாற்கு சுவிசேஷத்தைக் கையால எழுத ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு அஞ்சு வசனம்தான். இப்போ ஒன்பதாம் அதிகாரம்.

பாளையங்கோட்டை சகோதரி:

அண்ணே, பெரிய மகளுக்கு இதை வாசிச்சுக் காட்டினேன். அவளுக்கும் ஒரு நோட்டு வேணுமாம்.