ஏரி கோணலா, பார்வை கோணலா?

கரிசல்மண் (காலை 6.50)

நேற்று ராத்திரி இந்தப் புகைப்படக் குழுவில், இயற்கைக் காட்சிப் படம் (லேண்ட்ஸ்கேப்) எடுப்பதைப் பற்றி லென்ஸ்ராசா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "கத்துக்குட்டிக்குக் கத்துக்குட்டி கருத்து சொல்லி ஒருத்தனும் லேண்ட்ஸ்கேப் கத்துக்க முடியாது. கொடைக்குளிர் தம்பி போட்ட ஏரிப் படம் ரெண்டு டிகிரி சாய்ஞ்சு கிடக்கு. முப்பது பேர் அருமைன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

அந்த முப்பது பேரில் நானும் ஒருவன். 'அருமை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவன் இல்லை. மூடுபனி வெளுத்துவிட்டது, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டுகிறது, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து எடு, மேலே வெறும் வானம் எதற்கு என்று எழுதினேன். தம்பி அடுத்த வாரமே மறுபடி போய் எடுத்து வந்தான். பனியில் அடுக்கடுக்காக மரம் தெரிந்தது. இதற்குப் பெயர் கற்பது இல்லை என்றால் வேறு எதற்கு?

நானும் எந்த வகுப்புக்கும் போனவன் இல்லை. கோவில்பட்டியில் நாங்கள் நாலு பேர். விடியுமுன் கழுகுமலை அடிவாரத்தில் நிற்போம், ஒரே மலையை எடுப்போம். திரும்பும் வழியில் டீக்கடை பெஞ்சில் கேமராவை மாற்றி மாற்றிப் பார்ப்போம். "எதைக் காட்டணும்னு இதை எடுத்தே?" என்று ஒருத்தன் கேட்பான். பதில் இல்லாவிட்டால் அந்தப் படம் செத்தது. பக்கத்தில் நின்றவன் இரண்டடி குனிந்து, முன்னால் கிடந்த கரிசல் வெடிப்பையும் சேர்த்து எடுத்திருப்பான். நான் நின்ற இடத்திலேயே நின்று மலையை மட்டும் எடுத்திருப்பேன். அந்த இரண்டடியை எந்தப் பெரிய மாஸ்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. ஏரி சாயவில்லை. கரைதான் அப்படி.

லென்ஸ்ராசா (காலை 7.31)

டீக்கடைக் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல எதிர்க்கரை இடமிருந்து வலம் சரியுதா இல்லையா? ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். ரெண்டு டிகிரி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க என்னடான்னா கரையே கோணலாம்!

பதினஞ்சு வருசமா கேமரா தூக்குறேன். முதல் பாடமே அடிவானம் நேரா இருக்கணும்ங்கிறதுதான். அதைக்கூடச் சொல்லத் தெரியாத முப்பது பேர்கிட்ட என்னத்தக் கத்துக்க?

கரிசல்மண் (காலை 7.58)

அடிவானம் என்பது கடலில் தெரிவது. தனுஷ்கோடியில் கடல் கோடு சாய்ந்தால் படம் கோணல், அதில் பேச்சே இல்லை. கொடைக்கானல் ஏரி 1863இல் உண்டாக்கியது, நட்சத்திரம் போலக் கைகால் நீட்டிக் கிடக்கிற ஏரி. எதிர்க்கரை ஒரு பக்கம் கிட்டே வரும், ஒரு பக்கம் எட்டப் போகும். தம்பி ஏரிச் சாலையில் நின்று எடுத்திருக்கிறான். தண்ணீருக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் கண் என்று வையுங்கள். வலது கரை 100 மீட்டரில் இருந்தால் கண்மட்டத்துக்கு 1.7 டிகிரி கீழே தெரியும். இடது கரை 400 மீட்டரில் இருந்தால் 0.4 டிகிரிதான் கீழே. இந்த வித்தியாசத்தைப் படத்தின் அகலத்துக்கு இழுத்தால் நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்த இரண்டு டிகிரிக்குக் கிட்டத்தட்ட வரும். கேமரா மட்டமாக இருந்தாலும் இப்படித்தான் வரும். நீங்கள் கண்டுபிடித்த குற்றம் ஏரியின் வடிவம்.

லென்ஸ்ராசா (காலை 8.10)

படம் பார்க்கிறவன் கையில கால்குலேட்டரோட வருவானா? பார்த்தா சாய்வாத் தெரியுது. சாய்வாத் தெரிஞ்சா சாய்வுதான். ரெண்டு டிகிரி திருப்பிப் போட்டுருக்கேன், பாருங்க. இப்பத்தான் படம் உட்கார்ந்திருக்கு.

கொடைக்குளிர் (காலை 8.44)

அண்ணே, முக்காலி டிரைபாட்ல வச்சுத்தான் எடுத்தேன். மட்டம் காட்டுற கேமரா லெவல் பச்சையிலதான் இருந்துச்சு. காலைல ஆறரை இருக்கும், லென்ஸ் துளை எஃப் 11. சாய்வைப் பத்தி நான் கேட்கவே இல்ல. முன்னால இருக்கிற படகை வச்சுக்கலாமா எடுத்துரலாமான்னுதான் கேட்டிருந்தேன். அதை யாராச்சும் சொல்லுங்க.

லென்ஸ்ராசா (காலை 8.51)

கேமரா லெவல் பொய் சொல்லும் தம்பி. பச்சையா இருந்தாலும் ஒரு டிகிரி பிசகி இருக்கலாம். கண்ணை நம்பு.

கரிசல்மண் (காலை 9.20)

கண்ணையா நம்ப வேண்டும்? எங்கப்பா கொத்தனார். ரசமட்டத்தையே ஒரு தடவை பார்த்து நம்ப மாட்டார். வைத்துப் பார்ப்பார், முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பார். இரண்டு தடவையும் குமிழ் நடுவில் நின்றால்தான் செங்கல் எடுப்பார். சுவருக்குத் தூக்குக்குண்டு. ஏரிப் படத்துக்குத் தண்ணீரில் விழும் பிம்பம்தான் தூக்குக்குண்டு. அசையாத தண்ணீரில் மரத்தின் நுனியும் அதன் பிம்பத்தின் நுனியும் நேர்க்கோட்டில் நிற்கும். தம்பி படத்தில் நிற்கிறது. நீங்கள் திருப்பிய படத்தில் மரமெல்லாம் இடப்பக்கம் தள்ளாடுகிறது. கரையை நிமிர்த்தப் போய்க் காட்டைச் சாய்த்துவிட்டீர்கள்.

பொருநைக்கரை (காலை 10.05)

அண்ணாச்சி, நீங்க சொல்லுத பிம்பக் கணக்கு சரிதான். ஆனா ராசா சொல்லுததுல ஒண்ணு மட்டும் யோசிக்கணும். கணக்குப்படி நேரா இருந்தாலும் பார்க்கிறவங்களுக்குச் சாய்வாப் பட்டா அங்க படம் தோத்துருது. வலது கரையை ஃபிரேமுக்கு வெளிய தள்ளியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் கிட்டத்தட்ட மூணு வருசமா தாமிரபரணிக் கரையில எடுக்கேன். மருதமரம் எல்லாமே ஆத்துப் பக்கம் சாஞ்சுதான் நிக்கும். ஒவ்வொரு தடவையும் யாராச்சும் "நேராக்குங்க"ன்னு எழுதுவாங்க. ஒரு கட்டத்துல படத்துல ஒரு படித்துறையைச் சேர்த்து எடுக்க ஆரம்பிச்சேன். படி மட்டமாத் தெரிஞ்சா மரம் சாஞ்சது மரத்தோட குணம்னு புரிஞ்சுருது. அதைக் கத்துக்கிட்டது தப்பாச் சொன்னவங்க கிட்டத்தான்.

தம்பி, படகு இருக்கட்டும். அது இல்லன்னா தண்ணி எங்க ஆரம்பிக்குன்னே தெரியாது.

லென்ஸ்ராசா (காலை 10.12)

பார்த்தீங்களா, அக்காவே சாய்வாத் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க.

பொருநைக்கரை (காலை 10.15)

நான் அப்படிச் சொல்லல.

சிங்கைச்செல்வன் (காலை 11.02)

சார், எல்லாரும் ஒரே இடத்துல நிக்கிறீங்க. சாய்வை விடுங்க. தண்ணீரும் காடும் பாதிக்குப் பாதியா இருக்கு, அதுதான் எனக்கு உறுத்துது. படத்தை மூணாப் பிரிச்சு அந்தக் கோட்டுல அடிவானத்தை வைக்கணும்னு, மூணில் ஒரு பங்கு விதின்னு ஒண்ணு இருக்கே?

கரிசல்மண் (காலை 11.30)

அந்த விதிக்குப் பெயர் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர். 1797இல் கிராமப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில். அப்போது புகைப்படமே கிடையாது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980இலிருந்து உலகமெங்கும் கடலை எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அடிவானம் சரிபாதியில் நிற்கும். மேலே காற்று, கீழே தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. தம்பி படத்தில் பிம்பம் முழுசாக விழுந்திருக்கிறது. அங்கே பாதிக்குப் பாதிதான் பொருத்தம்.

லென்ஸ்ராசா (காலை 11.41)

தம்பி படத்தைப் பத்திப் பேசினா ஜப்பான்காரரைக் கூட்டிட்டு வராரு. அந்த ஜப்பான்காரர் படத்துல அடிவானம் சாய்ஞ்சிருக்கா? இல்லைல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்.

கரிசல்மண் (மதியம் 12.25)

அது கடல்! எத்தனை தடவை சொல்வது? கடலுக்கு அடிவானம் உண்டு, ஏரிக்குக் கரைதான் உண்டு.

இவ்வளவு கண்ணுள்ளவர் போன வருடம் எங்கள் வட்டத்துப் போட்டியில் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை எடுத்தார். அதற்கு மேலே செக்கச்சிவந்த மேகத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டினார். சுவரின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, மேகத்தில் சூரியனும் அதே பக்கம் நிற்கிறது. சூரியன் இருக்கிற பக்கமே நிழல் விழுமா? கூட்டத்தில் எழுந்து நான் கேட்டேன். அன்றிலிருந்து என் மேல் கோபம். இன்றைக்குக் கத்துக்குட்டி என்று முப்பது பேரைத் திட்டுவதும் அதனால்தான்.

லென்ஸ்ராசா (மதியம் 12.40)

அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்தாங்க. மறந்துறாதீங்க.

வானம் ஒட்டுறது இன்னைக்கு நேத்திக்கு வந்ததா? 1850களிலயே பிரெஞ்சுப் படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு ரெண்டையும் சேர்த்துத்தான் பிரிண்ட் போட்டாரு. அதே காலத்து ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் டிரைப் நெகட்டிவ் மேலயே மேகத்தை வரைஞ்சாரு. அவங்களை எல்லாம் எழுந்து நின்னு கேட்டீங்களா?

கரிசல்மண் (மதியம் 1.15)

லெ கிரே அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீலம் மட்டும் தூக்கலாகப் பதியும். கடலுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெறும் வெள்ளை. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வானத்து வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கிராஜுவேட்டட் ஃபில்டர் இருக்கிறது, வானத்துக்கு ஒன்று தரைக்கு ஒன்று என்று இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்க்கலாம். அதே இடத்தில், அதே காலையில் எடுத்த வானத்தைச் சேர்த்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எனக்குப் பரிசு முக்கியம் இல்லை. அன்று கூட்டத்தில் இருந்த இருபது பேரில் நிழலைப் பார்த்தது ஒரு கத்துக்குட்டிதான்.

சிங்கைச்செல்வன் (மதியம் 1.22)

அண்ணே, நான் பாதிக்குப் பாதின்னுதான் சொன்னேன். அதுக்கு இவ்வளவு சண்டையா?

லென்ஸ்ராசா (மதியம் 1.30)

நிழலைப் பார்த்த கண்ணுக்கு ரெண்டு டிகிரி தெரியலையே!

பிம்பம் பிம்பம்னு சொல்றாருல்ல, அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. கேமராவைக் கீழ்நோக்கிக் குனிச்சுப் பிடிச்சா ஓரத்து மரமெல்லாம் வெளிப்பக்கமாச் சாயும். நான் திருப்பினதுல இடது ஓரம் சாய்ஞ்சு தெரியுதுன்னா அதனாலதான். பிம்பத்தைப் பார்க்கணும்னா படத்தோட நடுவுல பார்க்கணும். இது தெரியாம ஒருத்தர் தூக்குக்குண்டு கட்டுறாரு.

கரிசல்மண் (மதியம் 2.05)

தெரியும். குனிந்தால் இடது ஓரம் இடப்பக்கம் சாயும், வலது ஓரம் வலப்பக்கம் சாயும். உங்கள் படத்தில் வலது ஓரத்து மரமும் இடப்பக்கம்தானே சாய்கிறது? இரண்டு ஓரமும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது குனிந்ததால் வந்ததா, நீங்கள் திருப்பியதால் வந்ததா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பொருநைக்கரை (மதியம் 2.30)

அண்ணாச்சி, தம்பி என்ன கேட்டான்னு ஒரு தடவை மேல போய்ப் பாருங்க. படகு. அவ்வளவுதான். நான் புதுசா வந்தப்ப எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு. பத்துப் பேர் பத்து விதமாச் சொன்னாங்க. யார் பேச்சைக் கேட்கன்னு தெரியாம ஒரு மாசம் கேமராவையே தொடல.

கரிசல்மண் (மதியம் 2.52)

அம்மா, தம்பிக்காகத்தானே பேசுகிறேன். இன்றைக்கு இவர் பேச்சைக் கேட்டுத் திருப்பிவிட்டால், நாளைக்கு எந்த ஏரிக்குப் போனாலும் கரையைப் பார்த்துக் கேமராவைச் சாய்ப்பான். தப்பான ஒரு பாடம் பத்து வருடத்துக்குக் கையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கே அது நடந்திருக்கிறது. கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் துல்லியமாக வரணும், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 22 வை என்று ஒரு பெரியவர் சொன்னார். இரண்டு வருடம் எஃப் 22 வைத்தே எடுத்தேன். படம் முழுக்க ஒரு மங்கல். துளை சிறுத்தால் வெளிச்சம் ஓரத்தில் வளைந்து சிதறும், எஃப் 11 போதும் என்று சொன்னது என்னோடு டீ குடித்த பையன். அவன் கேமரா வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவர் சொன்னார் என்று இரண்டு வருடப் படத்தைத் தொலைத்தவன் நான். சொன்னவர் எத்தனை வருடம் கேமரா தூக்கினார் என்று கேட்பதை அன்றோடு விட்டேன்.

லென்ஸ்ராசா (மதியம் 3.10)

பெரியவர் தப்பாச் சொல்லியிருக்கலாம். நான் சொல்றது தப்பில்ல. ரெண்டு டிகிரி.

அதோட தனுஷ்கோடிக்கு என் டிரைபாடை வாங்கிட்டுப் போனாரே, அதையும் சொல்லச் சொல்லுங்க. உப்புத் தண்ணியில இறக்கிட்டு, நல்ல தண்ணியில கழுவாமலே திருப்பிக் கொடுத்தாரு. மண்ணும் உப்பும் ஏறி ஒரு கால் இறுகிப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அது நீளாது. டிரைபாட் கழுவத் தெரியாதவர் மட்டம் பார்க்கச் சொல்லித் தராரு.

கரிசல்மண் (மதியம் 3.25)

கழுவித்தான் கொடுத்தேன். காயவைக்காமல் பையில் மூடி வைத்தது நீங்கள். ஏரிக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

சிங்கைச்செல்வன் (மதியம் 3.40)

கடலுக்குப் போனா காலை முழுசாக் கழட்டித் துடைக்கணும் சார். வெறுமனே கழுவினா உப்பு உள்ளேயே நிக்கும்.

லென்ஸ்ராசா (மதியம் 3.44)

அப்படிச் சொல்லுங்க!

கரிசல்மண் (மாலை 4.30)

சரி. தம்பியின் மூலப் படத்தில் சிவப்புக் கோடு போட்டு இணைத்திருக்கிறேன். மரத்தின் நுனியிலிருந்து பிம்பத்தின் நுனி வரை. நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. யாருக்குச் சந்தேகமோ அவர்கள் தங்கள் திரையிலேயே அளந்து பாருங்கள்.

லென்ஸ்ராசா (மாலை 4.41)

இடது ஓரத்து மரத்துல போட்டிருக்கீங்க. நடுவுல போடுங்கன்னுதானே சொன்னேன்?

கரிசல்மண் (மாலை 4.50)

நடுவில் மரம் இல்லை, படகுதான் இருக்கிறது. படகு மூக்கிலிருந்து அதன் பிம்பத்துக்கும் இரண்டாவது கோடு போட்டிருக்கிறேன். அதுவும் நேர்தான்.

லென்ஸ்ராசா (மாலை 4.58)

படகைச் சுத்தி அலை அடிச்சிருக்கு. பிம்பம் எங்க முடியுதுன்னே தெரியல. இதுல கோடு வேற.

கொடைக்குளிர் (மாலை 5.06)

அப்ப படகு இருக்கட்டுமாண்ணே?