குரல்வளை அகற்றிய பின் கொலுசுப் பட்டறைக்குத் திரும்பலாமா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்)
புற்றுநோயால் எனக்குக் குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டது. கழுத்துத் துளை வழியாகவே மூச்சு விடுகிறேன். வெள்ளிக் கொலுசின் இணைப்புகளில் பற்றாசுப் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைப்பது என் தொழில். வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் புகையும் மெருகுத் தூசியும் உள்ள இடத்தில் எந்த வேலையைச் செய்வது, கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்பதை அனுபவப்பட்டவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஏற்காடு)
ஐயா, எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது. நுரையீரல் காற்று இனி வாய்க்கு வராது என்பதால், ஊதுகுழலை முன்போல் ஊத இயலாது. பற்றவைப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணி கோர்ப்பது, எடை பார்ப்பது போன்ற புகையில்லா வேலைகளுக்கு மாறுவதே நல்லது. காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரப்படுத்தும் மூக்கின் வேலை நின்றுவிட்டதால், தூசி நேரே மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளியைக் கட்டியாக்கும். துளையின் மேல் பொருத்தும் ஈரப்பத வடிகட்டியை வேலை நேரத்தில் கழற்றாதீர்கள். இங்கே மார்கழிக் குளிரில் அது இல்லாமல் நான் வெளியே வருவதே இல்லை.

பேச்சைப் பொறுத்தவரை, கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவிக்கு ஒரு கை வேண்டும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே வைக்கும் குரல் வால்வைப் பொருத்தினாலும், பேசும்போது பொதுவாகத் துளையை விரலால் மூட வேண்டும். காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அதை வெளியே விட்டுப் பேசும் உணவுக்குழாய்ப் பேச்சுக்குக் கை தேவையில்லை; ஆனால் அதைப் பழக மாதக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் கைகூடுவதும் இல்லை. ஆனாலும் இரண்டு கையும் வேலையில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் அதைப் பற்றிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்பது தகும்.

பதில் 2 (கொண்டலாம்பட்டி)
என் கணவருக்கும் இதே நிலைதான். மூக்கு வழியே காற்று போகாததால் வாசனை தெரிவதில்லை என்பதைப் பலரும் சொல்வதில்லை. பட்டறையில் எரிவாயு கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். கசிவை ஒலியெழுப்பிக் காட்டும் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள், அண்ணா. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் இறங்காதபடி மறைப்பும் அவசியம்.

பதில் 3 (அஸ்தம்பட்டி)
2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை வரையறுக்கும் இடத்தில் குரல்வளை அகற்றத்தை நேரடியாகவே குறிப்பிடுகிறது. ஆகவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். "கழுத்துத் துளை வழியாக மட்டுமே சுவாசிப்பவர்; ஆக்சிஜனை அங்கேயே கொடுக்கவும்" என்று எழுதிய சீட்டு ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும், மயங்கி விழுந்தால் வாயைத்தான் முதலில் பார்ப்பார்கள்.