புது வீட்டுக்குப் புது டிவி: குடிபோகும் முன் வாங்குவதா, போன பின் வாங்குவதா?

ஜன்னலோரம்:

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். இப்போது இருப்பது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 40 அங்குல முழு ஹெச்டி டிவி. இதுவரை ஒரு முறைகூடப் பழுதானதில்லை. புது வீட்டின் கூடம் பெரியது. சோபா போடவிருக்கும் இடத்திலிருந்து டிவி வரவேண்டிய சுவர் வரை மூன்று மீட்டர் இருக்கும் என்பது என் கண்ணளவு. அந்தச் சுவருக்கு நேர் எதிரே மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. பகல் முழுக்க அப்பா செய்தி பார்ப்பார். இரவில் நாங்கள் திரைப்படம் பார்ப்போம். 55 அங்குல 4கே டிவி ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா, அல்லது குடிபோன பிறகு வாங்கலாமா என்பது முதல் கேள்வி. எந்த வகைத் திரை என்பது இரண்டாவது. கடையில் பார்த்தபோது எல்லாமே அழகாகத்தான் இருந்தன. குழப்பத்துக்குக் காரணமே அதுதான்.

கருந்திரை:

இப்போதே வாங்குங்கள், ஆனால் இப்போதிருக்கும் வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். புது வீட்டு முகவரியைக் கொடுத்து, சாவி கைக்கு வரும் நாளுக்கு டெலிவரி வைத்துக்கொண்டால், ஒரே டிவியை இரண்டு முறை தூக்கும் வேலை இல்லை. வகையைக் கேட்டால் தயங்காமல் ஓஎல்இடி என்பேன். எல்இடி டிவி என்ற பெயரில் விற்பதும் எல்சிடி திரைதான். அதன் பின்னால் எரியும் விளக்குதான் எல்இடி. அந்த விளக்கை முன்னால் இருக்கும் திரவப் படிகம் மறைக்கும், ஆனால் முழுதாக மறைக்காது. அதனால்தான் விளக்கணைத்த அறையில் படத்தின் இரவு வானம் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு படப்புள்ளியும், தானே ஒளிரும், தானே அணையும். அணைந்த இடம் கறுப்பு, அவ்வளவுதான். இதேபோல் புள்ளிகள் தானே ஒளிரும் பிளாஸ்மா டிவிகள் 2014-உடன் சந்தையிலிருந்து விடைபெற்ற பிறகு அந்தக் கறுப்புக்காகப் பல ஆண்டுகள் ஏங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அளவுகோல்:

நண்பர் கருந்திரை, அறையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். “மூன்று மீட்டர் இருக்கும்” என்ற கண்ணளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் இந்த விஷயத்தில் அரை மீட்டர் வித்தியாசம் முடிவையே புரட்டிவிடும். பார்வைக் குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி, 1080 வரிகள் கொண்ட முழு ஹெச்டி படத்தின் பிக்சல்கள், திரையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 3.2 மடங்கு தொலைவைத் தாண்டினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ., ஆகவே எல்லை 2.2 மீட்டர். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 4கே தருகிற நான்கு மடங்கு பிக்சல்களில் எதையும் உங்கள் கண் தனியே காணப்போவதில்லை. அந்தத் தொலைவில் வித்தியாசம் தலைகாட்ட வேண்டுமானால் திரை 75 அங்குலத்தைத் தொட வேண்டும்.

இப்போதே வாங்குவதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. போன முறை வீடு மாறுவதற்கு மூன்று வாரம் முன்பு, நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று புது டிவி வாங்கிப் பழைய வீட்டிலேயே மாட்டினேன். அட்டைப்பெட்டியை இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டது முதல் தவறு. சாமான் ஏற்ற வந்தவர்கள் அதைப் போர்வையில் சுற்றி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் படுக்கவைத்து எடுத்துப் போனார்கள். நானும் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இறங்கிய பிறகு கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மின்சாரம் கொடுத்ததும் இடது கீழ் மூலையில் மை கொட்டியதுபோல் ஒரு கறையும், அதிலிருந்து மேல்வரை பச்சை நிறத்தில் நூல்போல ஒரு கோடும் எழுந்தன. இன்றைய திரைகள் நின்ற வாக்கில் தங்கள் எடையைத் தாங்குபவை. படுக்கவைத்தால் நடுப்பகுதி தொய்ந்து, வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் வளையும். உத்தரவாதம் உடைசலுக்குப் பொருந்தாது என்றார்கள். “ஏற்றும்போது டிவி ஓடிக்கொண்டிருந்ததா? யார் பார்த்தது?” என்று வண்டிக்காரர் கேட்டார், என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

கருந்திரை:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அந்தக் கதை எனக்குத்தான் சாட்சி. டிவியைப் பழைய வீட்டில் பிரித்ததுதானே சிக்கல்? நேராகப் புது வீட்டுக்கு வரும் பெட்டிக்கு அந்த ஆபத்து ஏது?

கண் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அது தெளிவை மட்டும் அளக்கிறது, படத்தை அளக்கவில்லை. இன்று 55 அங்குலத்தில் முழு ஹெச்டி திரை தேடினாலும் எளிதில் அகப்படாது. நல்ல பின்னொளி, நல்ல நிறம், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் ஹெச்டிஆர் எல்லாம் 4கே மாடல்களில்தான் வைக்கிறார்கள். 4கே என்பது நாம் கேட்டு வாங்கும் சிறப்பு அல்ல, கூடவே வருவது. மூன்று மீட்டரிலிருந்து பார்ப்பவருக்கும் கறுப்பு கறுப்பாகத்தான் தெரியும். மெழுகுவர்த்திச் சுடர் சுடராகத்தான் தெரியும்.

ஓடும்வரை ஓடட்டும்:

இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள்: கேட்டவரிடம் ஏற்கெனவே பழுதில்லாத டிவி ஒன்று இருக்கிறது. அதையே கொண்டுபோய் ஒரு மாதம் பாருங்கள் என்பது என் வாதம். எந்த நாற்காலியில் யார் உட்காருகிறார், எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, பிளக் பாயின்ட் எட்டுகிறதா என்பதையெல்லாம் அந்தப் பழைய டிவியே காசில்லாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, படத்தின் தரத்தைத் திரை மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை தரவு வருகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. முழு ஹெச்டி ப்ளூ-ரே வட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே ஓடைக்கு, அதாவது இணையம் வழியே நேராக ஓடிவரும் படத்துக்கு, கேட்கும் இணைய வேகமோ 15 மெகாபிட்தான். பிக்சல் நான்கு மடங்கு, தரவு பாதிக்கும் கீழே. புகையும் மழையும் வரும் காட்சிகளில் 4கே என்ற முத்திரையோடு கட்டம் கட்டமாக உடையும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். செய்தி அலைவரிசையின் நிலையோ கேட்கவே வேண்டாம். பெரிய திரையில் அது இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

கருந்திரை:

வட்டையும் ஓடையையும் அப்படி நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ப்ளூ-ரேயில் படத்தைச் சுருக்குவது பெரும்பாலும் பழைய ஏவிசி முறை, 4கே ஓடையில் அதைவிடப் பிந்தைய ஹெச்இவிசி முறை. பின்னதற்கு அதே தரத்துக்கு ஏறத்தாழ பாதித் தரவு போதும். இருந்தும் வட்டு மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அளவுகோல்:

சரி, ஓஎல்இடிக்கு வருவோம். எதிரே மேற்கு ஜன்னல் என்று அவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலான ஓஎல்இடிகளின் முகப்பு கண்ணாடிபோல் பளபளப்பானது. மாலையில் அப்பாவுக்குச் செய்தி வாசிப்பவரோடு ஜன்னல் கம்பிகளும் சேர்ந்து தெரியும். திரை முழுக்க வெளிச்சமான காட்சி வரும்போது, சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த ஓஎல்இடி தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. மினி எல்இடி பின்னொளி, அதாவது மிகச் சிறிய எல்இடி விளக்குகள் நெருக்கமாக அடுக்கிய பின்னொளி, கொண்ட எல்சிடிக்கு அந்தத் தயக்கம் குறைவு. போதாக்குறைக்குச் செய்தி அலைவரிசை: மூலையில் நகராத முத்திரை, அடியில் நாள் முழுக்க ஒரே நிறப் பட்டை. அவை ஓஎல்இடியில் நாளடைவில் தழும்பாகத் தங்கிவிடும் வாய்ப்பு உண்மையானது. பகலில் செய்தி பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடி சொல்வது, சேற்று வயலுக்குப் பட்டு வேட்டி சொல்வதுபோல.

கருந்திரை:

பட்டு வேட்டி உவமையை ரசித்தேன், ஆனால் வயல் அவ்வளவு சேறில்லை. நிலையான முத்திரையைக் கண்டறிந்து அந்த இடத்தை மட்டும் மங்கலாக்குவது, படத்தையே கண்ணுக்குத் தெரியாத அளவில் அவ்வப்போது நகர்த்துவது எல்லாம் இன்றைய திரைகளில் இருக்கின்றன. சில மணி நேரம் பார்த்து ரிமோட்டில் அணைத்த பிறகு, திரை தன் பிக்சல்களைத் தானே சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். அந்த வேலை நடக்க டிவிக்கு மின்சாரம் வேண்டும். இரவில் படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தழும்பு விழுந்ததாகப் புலம்புகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

அளவுகோல்:

அப்பா சுவிட்சை அணைக்கமாட்டார் என்று மகன் எழுதிக் கொடுக்கட்டும், பிறகு பேசுவோம்.

கேட்டவருக்கு ஒரு குறிப்பு. எல்சிடியிலும் இரண்டு வகை உண்டு. விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும்; ஐபிஎஸ் திரை ஓரத்திலிருந்தும் நிறம் மாறாமல் தெரியும், ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகும். கடையில் எல்லாம் அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே டிவிகளைக் கடைக்கான கூடுதல் வெளிச்ச அமைப்பில் வைத்திருப்பார்கள். சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லி, நீங்களே கொண்டுபோன பென் டிரைவிலிருந்து ஒரு இருண்ட காட்சியை ஓட்டிப் பாருங்கள். பாதி டிவிகள் உங்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். ஹெச்டிஆர் என்ற எழுத்துக்கும் மயங்காதீர்கள். அந்த முத்திரை, டிவி அந்தச் சமிக்ஞையை ஏற்கும் என்று மட்டுமே சொல்கிறது. காட்டுமளவு வெளிச்சம் இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை.

ஜன்னலோரம்:

அனைவருக்கும் நன்றி. நேற்று சாவி வாங்கிக்கொண்டு, அளவு நாடாவோடும், கட்டுவதற்கு வாங்கிவைத்த அட்டைப்பெட்டிகளோடும் புது வீட்டுக்குப் போனேன். அட்டைகளை ஒட்டி 144-க்கு 81 செ.மீ. அளவில், அதாவது 65 அங்குலத் திரையளவில், ஒரு செவ்வகம் செய்து சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் எதிரே உட்கார்ந்தேன். என் மூன்று மீட்டர் உண்மையில் 3.4 மீட்டர். நாலரை மணிக்கு வெயில் ஜன்னல் வழியே வந்து அட்டையின் வலப்பாதியில் சதுரமாக உட்கார்ந்தது. ஐந்தே காலுக்கு முழு அட்டையும் மஞ்சள். அந்தச் சுவர் உதவாது என்று அங்கேயே புரிந்துவிட்டது.

அட்டையைப் பிய்த்துப் பக்கவாட்டுச் சுவரில் ஒட்டினேன். அங்கே வெயில் விழவில்லை. ஜன்னல், டிவி திரைக்கு இடப்பக்கமாகப் போய்விடுகிறது. ஆனால் சோபாவுக்கும் சுவருக்கும் 2.4 மீட்டர்தான் கிடைக்கிறது. அட்டையின் நடுப்புள்ளி, உட்கார்ந்த நிலையில் என் கண்ணுக்கு நேராக வரும்படி, தரையிலிருந்து 105 செ.மீ. உயரத்தில் வைத்தேன், முதலில் நினைத்திருந்த உயரத்தைவிட ஒன்றரைச் சாண் கீழே. வாளியில் அரை மணி நேரம் உட்கார்ந்து வெற்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கழுத்து வலிக்கவில்லை.

கருந்திரை:

சுவர் மாறியதும் வழக்கே மாறிவிட்டது. 2.4 மீட்டரில் 65 அங்குலம் உங்கள் பார்வையில் 33 பாகை அளவுக்கு விரியும். திரைப்படத்துக்குக் குறைந்தது 30 பாகை வேண்டும் என்பார்கள், 55 அங்குலம் அதற்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். எதிர் ஜன்னலும் போயிற்று. இனி ஓஎல்இடிக்கு என்ன தடை?

அளவுகோல்:

65 அங்குலத்தை ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கின்படியே அதன் எல்லை 2.6 மீட்டர், நீங்கள் அதற்குள் வந்துவிட்டதால் 4கே இப்போது ஓரளவு வேலை செய்யும். தடை ஜன்னல் மட்டுமல்லவே, பகல் முழுக்க ஓடும் செய்தியும்தானே? மாட்டும் முன் அந்தப் பக்கவாட்டுச் சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக ஒலித்தால் அது பலகைத் தடுப்பு. சாதாரண ஆணிப் பிடிப்பில் அத்தனை எடையைத் தொங்கவிடக் கூடாது, உள்ளே சட்டம் ஓடும் இடம் பார்த்துத் திருக வேண்டும்.

ஜன்னலோரம்:

தட்டினேன், கூடாகத்தான் ஒலிக்கிறது. மேசைமேல் வைக்கலாம் என்றால், பல 65 அங்குல டிவிகளில் கால்கள் இரு ஓரத்திலும் இருப்பதால், என் 110 செ.மீ. மேசையில் அவை நிற்காது. நடுவில் ஒற்றைக் கால் உள்ள மாடல்களை மட்டும் பார்க்கலாமா, மேசையை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

ஓடும்வரை ஓடட்டும்:

யோசித்து முடிக்கும்வரை அந்த 40 அங்குலத்தை அதே மேசையில் வையுங்கள். அப்பாவின் செய்திக்கு அது போதும். புதியது வந்த பிறகும் அதை அவர் அறைக்கே கொடுத்துவிட்டால், கருந்திரைக்கும் அளவுகோலுக்கும் சண்டை போட முத்திரையும் இல்லை, பட்டையும் இல்லை.

கருந்திரை:

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!