பட்டியில் பார்த்த நாடாப்புழு: உங்கள் அனுபவம் என்ன?

பென்னாகரம்
நாலு மாசக் கிடாக்குட்டி. வயிறு உப்பி, தின்றும் தேறாமல் செத்தது. சிறுகுடலைக் கீறியதும் வெள்ளை நாடா மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. சாக்கில் விரித்தால் மூணு மீட்டருக்குக் குறையாது. இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு நீளமா!

அரூர்
நீளத்தைப் பார்த்து மிரளாதீங்க. ஆண் எண்ணெய்த் திமிங்கலம் ஏறக்குறைய 16 மீட்டர். அதன் குடலில் 30 மீட்டர் நாடாப்புழு பதிவாகியிருக்கு, ஒரு பெரிய நீலத் திமிங்கலத்தின் நீளம்! திமிங்கலத்தின் குடலே 150 மீட்டரைத் தாண்டும், இடத்துக்குப் பஞ்சமில்லை. புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தோலால்தான் உறிஞ்சணும், அதனால் எவ்வளவு நீண்டாலும் தட்டைதான்.

காரிமங்கலம்
திமிங்கலம் இருக்கட்டும். பென்னாகரத்துத் தம்பி நாடாவோடு நின்றுவிட்டார், நாலாவது வயிற்றையும் கீறியிருக்கணும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் அங்கே இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உருண்டைப்புழு, சிவப்பும் வெள்ளையும் முறுக்கின கயிறு மாதிரி. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி போச்சு. கீழ் இமையை விரித்துப் பாருங்க, வெளுத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படணும்.
நாடாப்புழுவுக்கு அல்பெண்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 2.5 சத மருந்தில் 10 கிலோ குட்டிக்கு 4 மில்லி. கண்மதிப்பு வேண்டாம், தராசில் நிறுத்துங்க. குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிடும். தலையை அண்ணாத்திப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போயிடும், கடைவாயில் மெல்ல விடணும். சினையின் முதல் மாசத்தில் இந்த மருந்து ஆகாது. பின்னால் தொங்குவதைப் பிடித்து இழுக்காதீங்க, தலை உள்ளே ஒட்டியிருந்தால் மறுபடி வளரும். புழுவின் முட்டையைத் தின்ற சிற்றுண்ணி ஈரப்புல்லோடு வயிற்றுக்குள் போனால், 5, 6 வாரத்தில் புழுக்கையில் புழுத் துண்டு திரும்பவும் சோற்றுப் பருக்கை மாதிரி தெரியும். பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுங்க.

தேன்கனிக்கோட்டை
நாயை எல்லாரும் மறந்துட்டீங்க. நாய்க்குடலில் ஒரு நாடாப்புழு, மொத்த நீளமே சில மில்லிமீட்டர். அதன் முட்டை ஆட்டுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி. மனுசருக்கும் வரும். வெட்டின ஆட்டின் ஈரலில் எலுமிச்சை அளவு கட்டி, உள்ளே தெளிந்த நீர், அடியில் மணல் மாதிரி துகள். அதை நாய்க்கு எறியவே கூடாது, வேகவைக்கணும், இல்லை ஆழப் புதைக்கணும். பட்டி நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ப்ராசிகுவாண்டல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். அந்த மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை.