முனியம்மா ஆயா குடும்பம், டர்பன் (வாட்ஸ்அப் குழு)

ரூபி: துணி காய வைக்கற ட்ரையர் சுத்துது, சூடு வரல. மூணு நாளா சாட்ஸ்வொர்த்துல விடாத மழை. ஞாயிறு காவடிக்கு மஞ்ச வேட்டியெல்லாம் ஈரமா தொங்குது. யாராவது வாங்கப்பா

லோகன்: புதுசு வாங்கிடுங்க அத்தை

ரூபி: நீ வாங்கிக் குடு

சேகரன்: அக்கா, டைமர் எத்தனையில வச்சீங்க?

ரூபி: பத்து

சேகரன்: பத்துல பெரும்பாலும் சூடு வராது. கடைசி பத்து நிமிஷம் துணிய ஆற வைக்கத்தான், ஹீட்டர் ஆஃப்ல இருக்கும். அறுபதுல வைங்க

ரூபி: வச்சாச்சு. அதே சூடில்லாத காத்து

தேவன்: கட்-அவுட் போயிருக்கும். அந்த ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விட்டா ஓடும்

பிரியா: இஸ்திரிப் பெட்டிய ரிப்பேர் பண்ணின அதே சித்தப்பா 😂

சேகரன்: மாப்ளே, அத மட்டும் செய்யாதீங்க. சூடு மீறினா கரண்ட்ட அறுக்கத்தான் அது இருக்கு. முறுக்கி விட்டா உள்ள இருக்கற பஞ்சு தீப்பிடிக்கும்.
அக்கா, சுவிட்ச் அணைச்சா போதாது, ப்ளக்கையே புடுங்கணும். அப்புறம் பின்தகட்டு ஸ்க்ரூவ கழட்டணும். ஹீட்டர் பெட்டி பக்கத்துல ரெண்டு ராண்ட் காசு அளவுக்கு வட்டமா ரெண்டு சாமான் இருக்கும். ஒண்ணு சூட்ட அளவா வைக்கற தெர்மோஸ்டாட், இன்னொண்ணு கட்-அவுட். ஒயர தொடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கணும். ஒயர கழட்டி மல்டிமீட்டர் வச்சா நல்ல கட்-அவுட் பூஜ்யம் ஓம் கிட்ட காட்டும். ஒண்ணும் காட்டலைன்னா போச்சு. சிலதுல நடுவுல குட்டி பட்டன் இருக்கும், அமுக்கினா டிக்குன்னு உக்காரும். ஹீட்டர் 2000 வாட்டுன்னா 230 வோல்ட்டுக்கு 26 ஓம் கிட்ட வரணும். ஹீட்டர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவுல எதுவுமே காட்டக்கூடாது. காட்டினா எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து கரண்ட் போயிடும்.

ரூபி: மல்டிமீட்டர் எங்க?

பிரியா: லோகன்கிட்ட. தீபாவளிக்கு முன்னாடி போனது

லோகன்: தேவன் மாமாகிட்ட குடுத்தாச்சே

தேவன்: யாரு சொன்னது

பிரியா: அம்மா, பால்குடத்துக்கு எத்தனை லிட்டர்?

ரூபி: அப்புறம் சொல்றேன்

சேகரன்: கட்-அவுட்ட மட்டும் மாத்தினா மறுபடியும் போகும். காத்து எங்க அடைச்சிருக்குன்னு பாக்கணும். பஞ்சு வடிகட்டிய குழாயடியில புடிங்க. தண்ணி வலையில தேங்கி நின்னா துணி மென்மையாக்கற திரவம் படிஞ்சிருக்கு. கண்ணுக்கு சுத்தமாத்தான் தெரியும். பழைய டூத்பிரஷ், சோப்பு போட்டு தேய்ங்க

ரூபி: நிக்குது!! குமிழ் மாதிரி

ரூபி: 📷 பின்னாடி குழாயும் சுவத்துல நசுங்கியிருக்கு

சேகரன்: அதான். நாலு இஞ்சு குழாய் நசுங்கினா சூடு வெளிய போகாது. மெஷின முன்னால இழுத்து குழாய வளைவில்லாம விடுங்க. தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் சேத்தே மாத்தணும், ஒண்ணா செட்டாவும் விக்கறாங்க. மாடல் நம்பர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கும், அத எழுதிட்டுப் போனாத்தான் சரியா குடுப்பான். இன்னொண்ணு, மஞ்ச வேட்டிய தனியா போடுங்க, இல்லைன்னா வெள்ளையெல்லாம் மஞ்சளாயிடும்

தேவன்: நான் நாளைக்கு வந்து பாக்கறேன் அக்கா

பிரியா: வேணாம்

ரூபி: வரட்டும், ஆனா சேகரனும் கூட வரணும்

சேகரன்: சனிக்கிழமைதான் முடியும்

பிரியா: காவடி ஞாயிறு மாமா. ஈரத் துணிய நான் ஃபீனிக்ஸுக்கு எடுத்துட்டுப் போய் காய வைக்கவா?

லோகன்: மல்டிமீட்டர் எங்க வீட்டு கராஜுலயே இருந்துச்சு 🙈 பேட்டரி இல்ல

சேகரன்: 9 வோல்ட் ஒண்ணு வாங்கு

ரூபி: பால் 20 லிட்டர். யாரு வாங்கறது?

தேவன்: 👍