மறை மாடு: எதை மறை என்பது, எதைச் சொல்லக்கூடாது

● "புள்ளி மாடு" என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். புள்ளி என்பது விரல்நுனியால் வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. வெள்ளை உடம்பில் வேறு நிறம் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தால் அது மறை. திட்டு சிவப்பென்றால் செம்மறை, கறுப்பென்றால் கருமறை. முக்கூடற்பள்ளின் மாட்டு வரிசையில் வரும் செம்மறையன் இதுதான். செம்மறி ஆட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே இருப்பது மறி. ஆடு, குதிரை, மான் இவற்றின் குட்டிக்குத் தொல்காப்பியம் சொல்லும் பெயர்.

● கன்றைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, 6 மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். நடுவில் இரண்டு நிறமும் கலந்து தெரிவது மறை ஆகாது. சந்தேகம் வந்தால் வெள்ளைப் பகுதியில் தண்ணீர் தொட்டு முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். மறை மாட்டில் வெள்ளைக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளை நாட்டு மாட்டில் பெரும்பாலும் கறுத்திருக்கும். நுகத்தடி உரசி ஆறிய தழும்பில் முளைக்கும் வெள்ளை முடியும் கணக்கில் வராது. வட்டமாக முடி கொட்டிச் சாம்பல் நிறப் பொருக்குத் தட்டினால் அது படர்தாமரை. மனிதருக்கும் ஒட்டும், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

● காப்பீட்டுக்கு ஒரு பக்கப் படம் போதாது. இடது விலா, வலது விலா, முகம், வால்குஞ்சம் நான்கையும் எடுங்கள். மறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையாது, அதுதான் அதன் பலமே. 12 இலக்கக் காதுவில்லை அறுந்து விழுந்தாலும் அந்தப் படம் மாட்டை அடையாளம் காட்டும். "கருமறை, இடது தொடையில் பெரிய திட்டு, நெற்றி வெள்ளை" என்று எழுத்திலும் இருக்கட்டும்.

● மேலே சொன்ன இளஞ்சிவப்புத் தோலைப் பற்றி மறை மாடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உண்ணிச்செடி (லந்தானா) தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். பச்சைத் தீவனத்தின் பச்சையத்திலிருந்து வரும் ஒரு பொருளை ஈரல் பித்தத்தில் வெளியேற்ற முடியாமல், அது இரத்தத்தில் தேங்கும். வெயில் பட்டதும் வெள்ளைத் திட்டு மட்டும் சிவந்து, வீங்கி, நீர் கசிந்து உரியும். கறுப்புத் திட்டு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும். வெயிற்காயம் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள், கோளாறு உள்ளே. கண் மஞ்சளாகிறதா, சாணி இறுகுகிறதா பாருங்கள். உடனே இருட்டான கொட்டகைக்கு மாற்றி, பச்சைத் தீவனத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். பெருவயிற்றில் கிடக்கும் இலை நாள்கணக்கில் நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் அவர் கரித்தூள் மருந்தை உள்ளே கொடுப்பார்.